வந்த விதம்

தேவனார் ஆட்டுச் சந்தையின் மூன்றாம் வாசலில்
எனக்கு இரவுப் பணி.
கணினியில் ஒரு கட்டம் உண்டு:
வந்த விதம். வாகனமா, நடையா.
ஒன்பது வருடத்தில்
'நடை'யை நான் தொட்டதே இல்லை.
எந்த ஆடு நடந்து வரும் மும்பைக்கு?

எல்லாம் லாரியில்தான். இரண்டு தட்டு லாரி.
மேல்தட்டு மூத்திரம்
கீழ்த்தட்டு முதுகில் சொட்டச் சொட்ட
ஆல்வாரிலிருந்து ஒன்றரை நாள்
நின்ற நிலையில் வரும்.

பெருநாளுக்கு ஐந்து நாள் இருக்க,
விடியல் மூன்றே முக்காலுக்குச் செங்கோடன் கூப்பிட்டான்.
மழை இரைச்சலுக்கு நடுவே திருச்செங்கோட்டுக் குரல்:
"அக்கா, மான்குர்த் ரோட்டுல அச்சு முறிஞ்சு
வண்டி படுத்துருச்சுங்க.
நூத்தி நாலு உருப்படி.
கால்நடைய ஏத்திக்கிட்டு நடுரோட்டுல நிக்கறனுங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
கால்நடை நிற்கிறது.
வாய் நிறைய எத்தனை முறை சொன்ன சொல்,
அன்றைக்குத்தான் நடுவில் விரிசல் விட்டது:
கால். நடை.

பக்கத்து மேஜை ஜுல்பிகரிடம் சொன்னேன்.
என்னைவிடப் பத்து வயது சின்னவன்,
இந்திப் பதிவேட்டில் 'மவேஷி' என்று எழுதிக்கொண்டிருந்தான்.
பேனா நின்றது.
"இதுவும் அதுதான் மேடம்.
மஷீ என்றால் அரபியில் நடை.
மவாஷி, நடப்பவை.
மதரஸாவில் ஆறு வருடம் அடிவாங்கியதில்
மிஞ்சியது இவ்வளவுதான்."

மழையைப் பார்த்தபடி யோசித்தேன்.
ஒருவன் மணலில். ஒருவன் கரட்டுக் காட்டில்.
ஒருவரையொருவர் பார்த்திருக்க வழியில்லை.
தன் சொத்தை ஏறிட்டுப் பார்த்து
இரண்டு பேரும் கொம்பைச் சொல்லவில்லை,
பாலை, தோலை, கறியைச் சொல்லவில்லை.
கிணறு கூட வராது. வயல் வராது.
மழை பொய்த்த வருடம்
கிளம்பலாமா என்று எழுந்தபோது
தானும் எழுந்தது எதுவோ
அதற்கு வைத்த பெயராக இருக்கும்.
சரியோ தப்போ, அந்த நேரத்தில் அப்படித் தோன்றியது.

ஆங்கிலக் கட்டத்தில் லைவ்ஸ்டாக்.
உயிரோடிருக்கும் சரக்கு.
சரக்குக்கு லாரி போதும்.

பலகையைச் சாய்த்து இறக்கினார்களாம்.
முதல் ஆடு இறங்கி அசையாமல் நின்றதாம்,
காலை மறந்துவிட்டது போல.
பிறகு ஒன்று ஒரு கல்யாண பேனரின் நுனியைத் தின்னப் போக
அதன் பின்னால் மற்றது,
அதன் பின்னால் தெரு முழுக்க.

இரண்டு கிலோமீட்டர்.
முதல் பஸ்ஸின் டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டுப் பார்த்தாராம்.
எனக்கு முதலில் சத்தம்தான் வந்தது:
ஈரத் தாரில் நானூறு குளம்புகள்,
யாரோ முறத்தில் புளியங்கொட்டையைப்
புரட்டிக்கொண்டே வருவது போல.

வாசலில் எண்ணினோம்.
நூற்று மூன்று.
'நடை'யை அழுத்தினேன். பச்சை விழுந்தது.

நூற்று நாலாவது
செங்கோடன் தோளில் இருந்தது.
முன்னங்கால் வீங்கி,
அவன் காதைச் சப்பிக்கொண்டிருந்தது.
அது நடக்கவில்லை.
நடை என்று போட்டால் பொய்.
வாகனம் என்று போட்டேன்.
வாகன எண் கட்டாயம் என்று சிவப்பில் கத்தியது.

"லாரி நம்பரப் போடுங்க" என்றான் காவலாள்.
லாரியா கொண்டுவந்தது?

செங்கோடன் மூச்சு வாங்கியபடி
தன் இரண்டு காலையும் குனிந்து பார்த்தான்.
"பதினொண்ணு போட்டுக்கங்க்கா."
நான் ஜுல்பிகருக்குச் சொல்லுமுன்
அவனே சிரித்தான்: "கியாரா நம்பர்!"
அவர்கள் ஊரிலும் ஓடுகிறதாம் அந்த வண்டி.

ஒன்று. ஒன்று. எண்டர்.
ஏற்றுக்கொண்டது.

ஆட்டை இறக்கி வைத்தான்.
மூன்று காலில் நின்றுகொண்டு
நான்காவதை ஒரு முறை
தரையில் வைத்துப் பார்த்தது.
போன விதம் என்று
கட்டம் ஏதும் இல்லை.